ரெண்டாம் லைனின் நம்பர்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால், “கம்பெனியில கம்ப்யூட்டர்ல படம் போடுறா” என்பார் என் வீட்டுக்காரர். முன்னெல்லாம் கோபம் வரும். இப்போது விட்டுவிட்டேன், அவர் சொல்வதில் பொய்யும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற ஒரு கம்பெனி. மூன்று லைன் ஓடுகிறது. எந்த லைனில் எவ்வளவு ஓடியது, அதில் எத்தனை சதவீதம் தேறாமல் ரிஜெக்ஷனில் போனது என்று எக்செல் ஷீட்டில் ஏற்றி, கோடு கோடாக சார்ட் போட்டு, மாதாந்திர மீட்டிங்குக்குத் தயார் பண்ணித் தர வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

சார்ட் போடுவது ஒரு வித்தையே இல்லை. பட்டனை அமுக்கினால் அதுவே வந்து நிற்கும். கோட்டுக்குப் பக்கத்தில் நம்பரை உட்கார வைப்பதில்தான் உயிர் போகும். டேட்டா லேபிள் என்பார்கள். மேலே, கீழே, இடது, வலது, நடுவில் என்று இடம் கொடுத்திருக்கிறான் எக்செல் செய்த புண்ணியவான், எதிலும் ஒழுங்காக உட்காராது. இரண்டு கோடு நெருங்கி வந்துவிட்டால் ஒரு நம்பர் மேல் இன்னொரு நம்பர் ஏறிக்கொள்ளும். காலை நேர லோக்கலில் லேடீஸ் பெட்டி மாதிரிதான், இவளைக் கொஞ்சம் நகர்த்தினால் அவள் அடுத்தவள் மடியில் போய் விழுவாள். ஒரு நம்பரை கிளிக் பண்ணினால் வரிசையில் இருக்கிற எல்லா நம்பரும் சேர்ந்து மாட்டும். நிதானமாக இன்னொரு தரம் கிளிக் பண்ணினால்தான் அது மட்டும் தனியாக வரும். அதைப் பிடித்து இழுக்கும்போது கை கொஞ்சம் வழுக்கினால் போச்சு. எத்தனை நாள் அந்த மவுஸை அப்படியே தூக்கிக் கடாசிவிடலாமா என்று இருந்திருக்கிறது.

போதாததற்கு எங்கள் மேனேஜர் போட்ட சட்டங்கள் வேறு. கலர் கலராக நம்பர் வேண்டாம், எல்லாம் கறுப்பில் இருக்கட்டும். பக்கவாட்டில் இருக்கிற அளவுக் கோட்டை எடுத்துவிடு, அசிங்கமாக இருக்கிறது. எந்தக் கோடு எந்த லைன் என்பதை இடது ஓரத்தில் மட்டும் எழுது. எல்லா மாதத்துக்கும் நம்பர் போடாதே, கடைசிப் புள்ளிக்கு மட்டும் போடு, பெரிசாகப் போடு. இவ்வளவும் எங்கள் முதலாளிக்காக. அவரைக் கம்பெனியில் ஐயா என்றுதான் சொல்வோம். வயதானவர், ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. சுவரில் மாட்டிய டிவிக்கு எதிரே மேஜையின் அந்தக் கடைசியில் உட்காருவார். ஒவ்வொரு கோட்டையும் இடமிருந்து வலமாகக் கண்ணால் பிடித்துக்கொண்டே வந்து, அது முடிகிற இடத்தில் எந்த நம்பர் இருக்கிறதோ அதை உரக்கப் படிப்பார். மேனேஜர் “ஆமாங்க ஐயா” என்பார். அத்தோடு அந்த லைனின் மாதம் முடிந்தது. கோடு ஏறியதா இறங்கியதா என்றெல்லாம் அங்கே பேச்சில்லை.

ரெண்டாம் லைனுக்கு லீடராக இருந்தவள் என் சிநேகிதி. நான் நெமிலிச்சேரியில் ஏறுவேன், அவள் அடுத்த ஸ்டேஷன் பட்டாபிராமில் ஏறுவாள். பட்டரவாக்கத்தில் இரண்டு பேரும் இறங்கி நடப்போம். அவளுடைய அப்பா அம்மா அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை பார்த்தவர்கள். வயலெல்லாம் பிளாட் ஆன பிறகு பிள்ளைகள் கம்பெனிக்கு வந்துவிட்டார்கள். இவள் கான்ட்ராக்டில் சேர்ந்து, டிரிம் பண்ணுகிற கத்தியில் ஆரம்பித்து, லீடர் வரைக்கும் வந்தவள். ஆனாலும் கான்ட்ராக்ட்தான். லீடர் என்று ஒரு தொப்பி கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வாய் ஓயாது அவளுக்கு. ரயிலில் ஏறும்போதே “இன்னாக்கா, தூங்கினே வந்துட்டியா?” என்று ஆரம்பித்தால் இறங்குகிற வரைக்கும் அவளுடைய லைன் பெண்களின் கதைதான். எவளுக்குக் கல்யாணம் தள்ளிப் போகிறது, எவளுடைய புருஷன் குடித்துவிட்டு வந்தான், எவள் ரப்பர் பட்டையைப் பார்க்காமல் போனைப் பார்த்தாள் என்று எல்லாம் சொல்வாள். தன் கதையை மட்டும் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். பர்மனென்ட் ஆக வேண்டும்.

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒரே ஒரு ஆளைத்தான் பர்மனென்ட் பண்ணுவார்கள். ஆயுத பூஜை அன்று. பூஜைக்கு முந்தின மாத மீட்டிங்கில், எந்த லைனில் ரிஜெக்ஷன் குறைவோ அந்த லைன் லீடரின் பெயரை ஐயா தன் வாயால் சொல்வார். ஆர்டர் டைப் ஆகி, சந்தனம் குங்குமம் வைத்து, பூஜைத் தட்டில் பொரிக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் இருக்கும். தீபாராதனை முடிந்ததும் ஐயா எடுத்துக் கொடுப்பார். இது அவருடைய அப்பா காலத்து வழக்கமாம். இன்னொரு விதியும் உண்டு. நாற்பது தாண்டினவர்களுக்கு பர்மனென்ட் கிடையாது. என் சிநேகிதிக்கு அடுத்த வருஷ ஆயுத பூஜைக்குள் நாற்பது முடிந்துவிடும். இதுதான் கடைசி வாய்ப்பு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த மாதம் அவள் படுத்திய பாடு இருக்கிறதே. டீ டைமில் கூட லைனை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு பட்டையையும் விரலால் தடவிப் பார்க்க வைத்தாள். ஒரு பெண் அழுதே விட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஒண்ணாம் லைன் பழைய மெஷின், அது போட்டியிலேயே இல்லை. போட்டி மூணாம் லைனோடுதான். அதன் லீடர் சின்னப் பையன், கல்யாணம்கூட ஆகவில்லை, ரொம்ப மரியாதையானவன். அவன்மேல் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை. அவனுக்கு இன்னும் எத்தனையோ ஆயுத பூஜை இருந்தது என்பதுதான் என் ஆற்றாமை.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு வரை ரெண்டாம் லைன் 2.0, மூணாம் லைன் 1.9. ரிஜெக்ஷன் என்பதால் கோடு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அவள் கோடு ஒரு நூல் மேலே, அவன் கோடு ஒரு நூல் கீழே. நம்பர்கள் முட்டிக்கொண்டதால் அவளுடையதைக் கோட்டுக்கு மேலேயும் அவனுடையதைக் கோட்டுக்குக் கீழேயும் வைத்தேன். பளிச்சென்று இருந்தது. மனசுதான் சரியில்லை, அவள் தோற்றுக்கொண்டிருந்தாள். ரயிலில் அவள் கேட்டபோது ரொம்பக் கிட்டக் கிட்ட இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

மீட்டிங் அன்று காலையில் அந்தக் கடைசி இரண்டு நாள் கணக்கு வந்தது. மூணாம் லைனில் ரப்பர் கலவை சரியில்லாமல் ஒரு லாட் முழுக்கக் குமிழ் விட்டிருந்தது. அவர்கள் 2.2க்கு ஏறிவிட்டார்கள். ரெண்டாம் லைனில் அந்த இரண்டு நாளும் ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகவில்லை. 1.9. சீட்டில் உட்கார்ந்தபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயிச்சுட்டடி என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டு அக்கவுன்ட்ஸ் பெண் திரும்பிப் பார்த்தாள்.

அப்புறம்தான் சார்ட்டைப் பார்த்தேன். கணக்கு மாறியதும் கோடுகள் இடம் மாறிவிட்டன. அவன் கோடு மேலே போயிருந்தது, அவள் கோடு கீழே வந்திருந்தது. நம்பர்கள் மட்டும் நான் சொல்லிவைத்த மாதிரியே நின்றன, அவளுடையது மேலே, அவனுடையது கீழே. கோடுகள் ஒட்டி ஒட்டி இருந்ததால் அவளுடைய 1.9 போய் அவன் கோட்டின் தலையில் உட்கார்ந்திருந்தது. அவனுடைய 2.2 அவள் கோட்டின் காலடியில் கிடந்தது. இரண்டும் கறுப்பு. பார்க்கிறவன் மூணாம் லைன் 1.9, ரெண்டாம் லைன் 2.2 என்றுதான் படிப்பான்.

சரி பண்ண ஒரு நிமிஷம் போதும். ஒன்றைக் கீழே, ஒன்றை மேலே மாற்றினால் தீர்ந்தது. மவுஸில் கை வைத்தேன், மேனேஜர் வந்து நின்றார். ஐயா வந்துவிட்டார், லேப்டாப்பைக் கொடு என்றார். ஒரே நிமிஷம் சார், நம்பர் இடம் மாறி நிற்கிறது என்றேன். “நம்பர் சரிதானே?” என்றார். நம்பர் சரிதான் சார், ஆனால் என்று இழுத்தேன். “சரின்னா போதும்மா. அழகு பார்க்கிற நேரமா இது?” என்று ஒயரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். எட்டி எட்டி நடக்கிற அந்த மனுஷன் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.

மீட்டிங் ரூமில் எனக்குக் கதவோரம்தான் இடம். லேப்டாப் மேனேஜர் கையில். நடுவில் ஆறேழு பேர், அத்தனை பேரும் இன்ஜினியரிங் படித்தவர்கள். ஸ்லைடு வந்தது. ஐயா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோட்டைப் பிடித்தபடியே வந்தார். “மூணாம் லைன் ஒண்ணு புள்ளி ஒன்பது” என்றார். ஆமாங்க ஐயா என்றார் மேனேஜர். நான் “சார்” என்றேன். யாரோ ஒருவர் என்னைப் பார்த்து, டீ சொல்லிட்டியாம்மா என்று கையால் கேட்டார். “ரெண்டாம் லைன் ரெண்டு புள்ளி ரெண்டு” என்றார் ஐயா. ஆமாங்க ஐயா. நான் மறுபடியும் “சார், அது” என்றேன். மேனேஜர் என் பக்கம் பார்க்காமலேயே உள்ளங்கையைக் காட்டினார். ஐயா மூணாம் லைன் பையனுக்கே போட்டுவிடுங்கள் என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொன்னார்.

மேலே இருக்கிற கோட்டுக்கு எப்படிச் சின்ன நம்பர் வரும்? கீழே இருக்கிற கோட்டுக்கு எப்படிப் பெரிய நம்பர்? ஒருத்தனுக்கு, அந்த ரூமில் ஒரே ஒருத்தனுக்குக்கூட அது உறுத்தவில்லை. படித்தார்களாம் படிப்பு. என் பையன் பத்தாவது படிக்கிறான், அவன் கேட்டிருப்பான்.

மத்தியானம் மேனேஜர் கேபினுக்குப் போய் ஷீட்டைத் திறந்து காட்டினேன். அவர் மட்டமான ஆள் இல்லை. பார்த்த உடனே புரிந்துகொண்டார். முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். ஐயாவிடம் சொல்லிவிடலாம் சார் என்றேன். சொல்லலாம், ஆனால் அத்தனை பேர் முன்னால் அவர் படித்தது தப்பு என்று யார் சொல்வது என்றார். நான் சொல்கிறேன் என்றேன். அதற்கு அவர் சொன்னது எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது.

“பேரு ஐயா வாயில இருந்து வந்தாச்சும்மா. பூஜைத் தட்டுக்குப் போற பேரு. அதை மாத்துனா அபசகுனம்னு நினைப்பாரு. அந்தப் பொண்ணுக்கும் கிடைக்காது, இந்தப் பையனுக்கும் போயிடும். நீயும் நானும்கூட இருக்க மாட்டோம்.”

அவர் சொன்னதில் பாதி பயம், பாதி உண்மை. எது எந்தப் பாதி என்றுதான் எனக்குத் தெரியவில்லை. சரி பண்ணிய சார்ட்டை அவருக்கே மெயில் பண்ணினேன். பதில் வந்தது, நோட்டட் என்று. நோட் பண்ணி என்ன கிழிக்கப் போகிறார் என்று திட்டிக்கொண்டே கீழே போனேன். ஐயா கார் ஏறிக்கொண்டிருந்தார். மேனேஜராவது மண்ணாவது என்று நேரே போய் நின்றேன். ஐயா, அந்த ரெண்டாம் லைன் என்று ஆரம்பித்தேன். நீதானே அந்தப் படம் போடுகிறவள் என்று கேட்டார். ஆமாங்க ஐயா என்றேன், அந்த வார்த்தை என் வாயிலும் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். இந்தத் தடவை நம்பரெல்லாம் நல்லாத் தெரிந்தது என்றார். ரெண்டாம் லைனைக் கொஞ்சம் கவனிக்கச் சொல் என்றார். கதவு சாத்திக்கொண்டது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார், கார் போய்விட்டது.

சாயங்காலம் ரயிலில் அவள் பேசவே இல்லை. விஷயம் லைனுக்குப் போய்விட்டிருந்தது. அண்ணனூர் தாண்டினதும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் கைப்பையில் இருந்த பேப்பரில் இரண்டு கோடு போட்டு, இந்த நம்பர் இங்கே இருக்க வேண்டியது, அங்கே போய் நின்றுவிட்டது, ஜெயித்தது நீதான் என்று காட்டினேன். ஆவடியில் கூட்டம் இறங்கி ஏறியது. அவள் அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்தாள். அழுவாள், என்னைத் திட்டுவாள், நாளைக்கே போய் மேனேஜர் சட்டையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடிக்கட்டும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

“நீ எனக்கோசரம் சொல்றக்கா. அவ்ளோ பெரிய டிவியில போட்டு, அவ்ளோ பேரு பாத்துகினு இருக்கறப்போ தப்பா வருமா? எங்கியோ நான்தான் உட்டுட்டேன்” என்றாள்.

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இல்லடி, என் பையன்மேல் சத்தியம் என்றேன். பிள்ளைமேல் எல்லாம் சத்தியம் பண்ணாதே என்று என் வாயைப் பொத்தினாள். சரி, நம்பாவிட்டால் போ, யூனியன் ஆபீசுக்காவது போகலாம் வா என்றேன். கான்ட்ராக்ட் ஆளுக்கு ஏதுக்கா யூனியன் என்றாள். அதுவும் சரிதான். வீட்டில் வந்து புலம்பினேன். உனக்கு எதுக்கு ஊர் வம்பு, இருக்கிற வேலையைப் பார் என்றார் என் வீட்டுக்காரர். அன்று நான் சாப்பிடவில்லை, அதை அவர் கவனிக்கவும் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. மெஷினுக்கெல்லாம் விபூதிப் பட்டை அடித்து, வாழைக்கன்று கட்டி, ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தட்டில் இருந்த ஆர்டரை ஐயா எடுத்துக் கொடுத்தார். அந்தப் பையன் காலில் விழுந்து வாங்கிக்கொண்டான். எல்லோரையும்விட பலமாகக் கை தட்டியது இவள்தான். தட்டிவிட்டு, தன் லைன் பெண்களுக்குப் பொரி கட்டிக் கொடுக்கப் போய்விட்டாள்.

அடுத்த மாத மீட்டிங்குக்கு நான் அந்த சார்ட்டோடு மல்லுக்கட்டினேன். கோடுகளுக்கு நடுவே நல்ல இடைவெளி வரும்படி இழுத்தேன். ஒவ்வொரு நம்பரையும் அதனதன் கோட்டின் வலது பக்கத்தில், வேறு எதுவும் கிட்டே வர முடியாதபடி நிறுத்தினேன். மேனேஜரும் இந்தத் தடவை தடுக்கவில்லை. ரெண்டாம் லைன் அந்த மாதமும் 1.9தான். போன மாதப் புள்ளியும் இந்த மாதப் புள்ளியும் ஒரே மட்டத்தில் இருந்தன. கடைசியில் கோடு படுத்தே கிடந்தது. குருடன்கூடத் தடவித் தெரிந்துகொள்ளலாம்.

ஐயா படித்தார். ரெண்டாம் லைன் ஒண்ணு புள்ளி ஒன்பது. படித்துவிட்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

“பாத்தீங்களா? போன மாசம் ரெண்டு புள்ளி ரெண்டு. ஆர்டர் கிடையாதுன்னதும் எப்படி இறங்கி வந்திருக்கு பாருங்க. கொஞ்சம் தட்டி வச்சாத்தான் வேலை நடக்குது.”

ஆமாங்க ஐயா என்றார் மேனேஜர். சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை, மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். டிவியில் அந்தக் கோடு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. ரெண்டாம் லைனில் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு ஹாட் பாக்ஸ் கொடுக்கச் சொன்னார் ஐயா.

அன்று சாயங்காலம் ரயிலில் அவள் பழையபடி வாய் ஓயாமல் வந்தாள். மடியில் அந்த ஹாட் பாக்ஸ், இன்னும் பிளாஸ்டிக் கவர் பிரிக்கவில்லை. ஐயாவே லைனுக்கு வந்து பாராட்டினாராம். பெண்கள் எல்லாம் செல்ஃபி எடுத்துக்கொண்டார்களாம். ஊட்டுக்குப் போனதும் இதில்தான் முதல் சோறு என்றாள். இந்து காலேஜ் ஸ்டேஷன் போனதும் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

“இந்தப் புத்தி எனக்குப் போன மாசமே வந்திருந்தா, எனக்கே குடுத்திருப்பாங்க இல்லக்கா?”

உன்மேல் ஒரு தப்பும் இல்லடி என்றேன். நீ அப்படித்தான் சொல்வே என்று சிரித்துவிட்டு, பட்டாபிராமில் இறங்கிப் போனாள்.